வாங்கு வாங்கலாம், சுடுற இடம் எங்கே?

சுடுறதுக்குன்னே ஒரு வாங்கு விக்கிறாங்க. நம்ம பாடசாலை வாங்கு மாதிரி இல்லை. இரும்புக் கால், மேலே ஒரு பலகை, பக்கத்துல சுத்துற இருக்கை, ரைபிள் குழலைச் சாய்ச்சு வைக்க முன்னால ஒரு தாங்கி. மடிச்சு வாகனத்துல போட்டுக்கிட்டுப் போகலாம். அமெரிக்காவுல ஒருத்தர் தன் சொந்தக் காணியில அதை விரிச்சு வச்சு, கோப்பி குடிச்சுக்கிட்டே நூறு மீற்றர் தள்ளியிருக்கிற அட்டையைச் சுடுற வீடியோக்கள் யூடியூப்ல கொட்டிக் கிடக்கு. அதுல ஒண்ணு எங்கள் குழுவின் வட்ஸ்அப்பில் வந்து விழுந்தது. "இதுல நல்ல வாங்கு எது?"ன்னு தொடங்கின பேச்சு, "கண்டிப் பக்கம் காணி வச்சிருக்கிற ஒருத்தர் சொந்தமா ஒரு ரேஞ்ச் போட்டா என்ன தப்பு?"ன்னு போய் நின்னது. சண்டையும் வந்தது.

எங்கள் முடிவை முதல்லயே சொல்லிடுறோம். வாங்கு நல்ல பொருள். சொந்த ரேஞ்ச் நம்ம மலைக்குச் சரிவராது. அதனால சுடுதல் விளையாட்டே நமக்கு வேண்டாம்னு சொல்லுறதும் பிழை. மூன்றையும் ஏன் சொல்கிறோம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

வாங்கு என்ன வேலை செய்யுது?

ரைபிளைக் கையில பிடிச்சா அது ஆடும். மூச்சு, இதயத் துடிப்பு, கையோட களைப்பு எல்லாம் குழலோட நுனிக்குப் போகும். வாங்கு இந்த ஆட்டத்தை எடுத்துட்டு ரைபிளோட பாரத்தைத் தரைக்குக் கொடுக்குது. குறிக்காட்டி சரியா இருக்கா, ஒரே மாதிரிச் சுட்டா குண்டு ஒரே இடத்துல விழுதான்னு பார்க்கணும்னா வாங்கு வேணும். புதுசா பழகுறவருக்கும் உதவும். பாரத்தைத் தாங்குற கவலை இல்லாம, விசையை எப்படி மெதுவா அழுத்துறதுன்னு மட்டும் கவனிக்கலாம்.

எதைப் பார்த்து வாங்கணும்? முதல் விஷயம் கால். மேடு பள்ளமான தரையில மூணு கால் வாங்குதான் நல்லது. நம்ம அடுப்புக்கு ஏன் மூணு கல்லு? மூணு புள்ளி எந்தத் தரையிலும் உட்காரும். நாலு கால்ல ஒண்ணு எப்பவும் தூக்கிக்கிட்டு நிக்கும், கடைசியில அதுக்கு அடியில மட்டையை மடிச்சு வைக்கணும். நாலு காலுதான் கிடைச்சதுன்னா ஒவ்வொரு காலையும் தனித்தனியா ஏத்தி இறக்கக்கூடியதா பாருங்க.

ரெண்டாவது இருக்கை. இருக்கையும் பலகையும் ஒரே சட்டத்துல பொருத்தின வாங்கு தூக்கிட்டுப் போக வசதி. ஆனா நீங்க அசையுற ஒவ்வொரு அசைவும் சட்டம் வழியா பலகைக்குப் போகும். தனி நாற்காலின்னா அந்தத் தொல்லை இல்லை, சுமக்க ஒரு சாமான் கூடும். இடக்கைக்காரர் இன்னொன்றையும் கவனிக்கணும். சில பலகைகளை வலக்கைக்காரருக்கு மட்டும்னு ஒரு பக்கம் வெட்டி வச்சிருப்பாங்க.

மூணாவது பாரம். பாரம் குறைஞ்சா ஆடும், கூடினா தூக்க முடியாது. "போர்ட்டபிள்"னு எழுதி விக்கிற எல்லாமே இந்த ரெண்டுக்கும் நடுவுல செய்யுற பேரம்தான். சின்ன ஆட்டம் எவ்வளவு தூரம் போகும்னு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. ரைபிளின் முன் தாங்கிக்கும் பின் பைக்கும் இடையில அரை மீற்றர்னு வைப்போம். முன்பக்கம் 1 மில்லிமீற்றர் அசைஞ்சா, 10 மீற்றர்ல குண்டு 2 சென்ரிமீற்றர் விலகும். 50 மீற்றர்ல 10 சென்ரிமீற்றர். 100 மீற்றர்ல 20 சென்ரிமீற்றர். மெல்லிய பிளாஸ்ரிக் பலகையில முழங்கையை ஊன்றினாலே 1 மில்லிமீற்றர் அசையும். அதனால பலகையை விடப் பெரிய விஷயம் அதுக்கு மேல வைக்கிற மணல் பை. காய்ஞ்ச மணலை இறுக்கமா நிரப்பித் தைச்ச ரெண்டு பை, விலை கூடின தாங்கியோட பாதி வேலையைச் செஞ்சிடும்.

நாலாவது மழை. கண்டியில எந்தச் சாமானுக்கும் இதைக் கேட்டுத்தான் ஆகணும். ஒட்டுப் பலகை விளிம்புல தண்ணி குடிச்சு ஊதிடும். பெயின்ற் உரிஞ்ச இரும்பு ஒரு மாரியில துரு கட்டிடும். மடக்குற இடத்துப் பூட்டுகள் தேயத் தேய முழு வாங்கும் ஆட்டம் கொடுக்கும். நேர்மையாச் சொன்னா, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு வெல்டிங் கடையில மூணு கால் சட்டமும், தெரிஞ்ச தச்சாசாரிக்கிட்ட ஒரு தடிச்ச மஹோகனிப் பலகையும் சொல்லிச் செய்தா, கப்பல்ல வர்றதை விட உறுதியா இருக்கும்.

வாங்கைப் பத்தி இவ்வளவுதான். கஷ்டமான கேள்வி அதை எங்கே விரிக்கிறது என்பது.

வெறும் மலைன்னு ஒண்ணு கிடையாது

ரேஞ்ச் என்பது ஒரு திசையில சுடுற இடம் மட்டும் இல்லை. குண்டு போய் நிக்கிற இடமும் சேர்ந்ததுதான் ரேஞ்ச். சின்ன .22 குண்டு கூட, தடுக்க ஒண்ணும் இல்லைன்னா ஒரு கிலோமீற்றருக்கும் மேல போகும். கல்லுல பட்டா திசை மாறி எகிறும். அதனாலதான் முறையான ரேஞ்சுக்குக் கல்லில்லாத உயர்ந்த மண்மேடு, பக்கச் சுவர், கொடி, கட்டளை கொடுக்கப் பயிற்சி பெற்ற ஒரு பொறுப்பாளர் எல்லாம் வேணும்.

இப்போ ஹந்தானை, தெல்தோட்டை, கலஹா, ஹேவாஹெட்ட, ரங்கலைப் பக்கம் ஒரு சரிவை நினைச்சுப் பாருங்க. பங்களா முற்றத்துல நின்னு பார்த்தா எதிர்ச்சரிவு வெறுமையாத் தெரியும். பச்சை, மஞ்சு, நாலைஞ்சு சவுக்கு மரம். அங்கேயே வேலை செய்யுறவங்களைக் கேட்டா வேற படம் வரும். அந்தச் சரிவுல இருபது முப்பது பேர் கொழுந்து எடுத்துக்கிட்டு நிப்பாங்க. செடிக்கு மேல தலையும் கூடையும் மட்டும்தான் தெரியும். நடுவுல ஒரு குறுக்குப் பாதை, அதுல பிள்ளைகள் பாடசாலைக்குப் போகும். விறகுக்குப் போற ஆத்தா, பீலிக்குப் போற பொண்ணு, மாட்டுக்குப் புல்லறுக்கிற தாத்தா. தோட்டத்துல "மலை"ன்னா இயற்கைக் காட்சி இல்லை, அது வேலைத்தலம். "மலைக்குப் போறேன்"னா வேலைக்குப் போறேன்னுதான் அர்த்தம்.

அதனாலதான் "என் காணி, என் காசு, என் வாங்கு" என்கிற வாதம் இங்கே நிக்காது. காணிக்கு எல்லைக்கல் உண்டு, குண்டுக்குக் கிடையாது. கண்டி மாவட்டத்துல வீடுகளும் லயங்களும் வயலும் காடும் ஒண்ணுக்குள்ள ஒண்ணாப் பின்னிக் கிடக்கு. ஒருத்தரோட பின்பக்க வேலிதான் இன்னொருத்தரோட முன்வாசல்.

துவக்கு யாரு கையில இருந்தது?

நம்ம மலையில துவக்குக்கு ஒரு கதை இருக்கு. அதைத் தெரியாம ரேஞ்ச் கனவு காணக்கூடாதுன்னு நாங்க நினைக்கிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுல இந்த மலைகளில் சுடுறது ஆளுறவங்களோட பொழுதுபோக்கு. மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்ற ஆங்கில அதிகாரி 1,400க்கும் மேல யானைகளைக் கொன்றதாகச் சொல்வாங்க. 1845ல அப்புத்தளையில மின்னல் தாக்கிச் செத்தார். நுவரெலியாவுல வாழ்ந்த சாமுவேல் பேக்கர் இங்கே ஆடின வேட்டையைப் பத்தி ஒரு புத்தகமே எழுதினார். 1900ல தோட்டத்துரைமாருக்குன்னே சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் கோர்ப்ஸ் என்ற தொண்டர் படை உருவாச்சு. தலைமையிடம் கண்டி. 1949ல கலைக்கும்வரைக்கும் அது ஐரோப்பியத் துரைமாரோட படை. தேயிலையை நட்டவங்க, எடுத்தவங்க, சுமந்தவங்க யாருக்கும் அந்த வாங்குல இடம் இருக்கல்ல.

தொழிலாளருக்குத் துவக்கு வேற விதமா அறிமுகமாச்சு. 1940 ஜனவரி 10. ஹேவாஹெட்ட முல்லோயாத் தோட்டம். கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்துல பொலிஸ் சுட்டதுல கோவிந்தன் செத்தார். கண்டி நகரத்துல இருந்து பஸ்சுல போய் வரக்கூடிய தூரம் அது. 1977 மே 11ல தலவாக்கலை டெவன் தோட்டத்துல காணி பறிபோறதை எதிர்த்து நின்னவங்க மேல சுட்டதுல சிவனு லட்சுமணன் செத்தார். இந்த ரெண்டு பேரையும் நம்ம பாடப்புத்தகம் சொல்லித்தரல்ல. வீட்டுல சொல்லித்தான் தெரியும்.

அதுக்கப்புறம் முப்பது வருஷ யுத்தம். அந்தக் காலத்துல மலையகத்துல இருந்து கொழும்புக்கு வேலைக்குப் போன தமிழ்ப் பொடியனுக்கு அடையாள அட்டையைக் காட்டுறதே ஒரு பரீட்சை. 1979ல வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தோட நிழல்ல வளர்ந்தவங்க நம்ம அப்பா, மாமாமார். "துவக்கு" என்ற சொல்லைப் பஸ்சுல சத்தமாச் சொல்லக்கூடாதுன்னு இன்னும் சொல்லுற அம்மாமார் இருக்காங்க. அவங்களைப் பார்த்துச் சிரிக்க எங்களால முடியல்ல.

2018 மார்ச்சுல திகன, தெல்தெனியப் பக்கம் முஸ்லிம் மக்களோட கடைகளும் வீடுகளும் எரிஞ்சதை எங்க வயசுக்காரங்க கண்ணால பார்த்தோம். அவசரகாலச் சட்டம் போட்டாங்க. அந்தக் கிழமையில கண்டியைச் சுத்தி ஆளுக்கொரு சொந்த ரேஞ்சும் ரைபிளும் இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சா வயிறு கலங்குது.

"சட்டப்படி செஞ்சா?"

இதுதான் எங்கள் குழுவுக்குள்ளேயே வந்த பலமான எதிர்க்கேள்வி. நியாயமான கேள்வி.

இலங்கையில துப்பாக்கியை ஆளுறது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம். உரிமம் பாதுகாப்பு அமைச்சு, மாவட்டச் செயலகம் வழியா வருது, வருஷா வருஷம் புதுப்பிக்கணும். கொடுத்ததை அரசாங்கம் திருப்பிக் கேட்கவும் முடியும். தற்காப்புக்குன்னு கொடுத்த துப்பாக்கிகளை மீள்பரிசீலனைக்காகத் தற்காலிகமா ஒப்படைக்கச் சொல்லி 2024 நவம்பர்ல பாதுகாப்பு அமைச்சு அறிவிச்சது. 2025 பெப்ரவரி 19ல கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே ஒருத்தரைச் சுட்டுக் கொன்னாங்க. இப்படியான ஒரு நாட்டுல கட்டுப்பாடு இறுக்கமா இருக்கணும்னுதான் நாங்களும் சொல்லுவோம். காத்துத் துவக்குதானேன்னு இணையத்துல பார்த்ததும் காசை அனுப்புற வேலையும் வேண்டாம். முதல்ல மாவட்டச் செயலகத்துல கேட்டு, பதிலை எழுத்துல வாங்குங்க.

ஆனா எல்லா உரிமமும் கிடைச்சாலும் எங்கள் பதில் மாறாது. சட்டம் "உனக்குத் துவக்கு வச்சிருக்கலாமா?"ன்னு கேட்குது. "உன் அயலவருக்கு அந்தச் சத்தத்தோட வாழச் சம்மதமா?"ன்னு அது கேட்காது. சொந்த ரேஞ்ச்ல கட்டளை கொடுக்கிறவரும் சுடுறவரும் ஒரே ஆள். அவரைத் தட்டிக்கேட்க யாரும் இல்லை. கேட்கிற நிலையில இருக்கிறவர் அவர்கிட்டயே வேலை செய்யுறவரா இருந்தா கதை முடிஞ்சுது.

"குரங்கும் பன்றியும் தோட்டத்தை அழிக்குதே, பழகி வச்சிருக்க வேணாமா?"ன்னும் ஒருத்தர் கேட்டார். பிரச்சினை உண்மை. 2025 மார்ச் 15ல காலை 8 மணிக்கு அஞ்சு நிமிஷம் நாடு முழுக்கக் குரங்கு, மயில், மர அணில் எண்ணினதை மீம்ஸ் போட்டுச் சிரிச்சோம். ஆனா லயத்துக்குப் பின்னால நட்ட மரவள்ளியை ஒரே ராத்திரியில பன்றி கிளறிட்டுப் போன வீட்டுல யாரும் சிரிக்கல்ல. இருந்தாலும் வாங்குல உட்கார்ந்து அசையாத அட்டையைச் சுடுறதுக்கும் ராத்திரி ஓடுற பன்றிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பன்றிக்குன்னு வைக்கிற கட்டுத்துவக்கும் கம்பிச் சுருக்கும் மனுஷனையும் சிறுத்தையையும்தான் பிடிக்குது. 2020 மே மாசம் நல்லதண்ணிப் பக்கம் சுருக்குல மாட்டின கருஞ்சிறுத்தை காப்பாத்திக் கொண்டுபோன பிறகும் செத்துப்போச்சு. பயிர்ப் பாதுகாப்பு தனிப் பேச்சு. அதைக் காட்டி ரேஞ்ச் கேட்கிறது சரியில்லை.

விளையாட்டை விட்டுடலாமா?

வேண்டாம். இங்கேதான் எங்கள் குழுவுல "துவக்கே வேண்டாம்"னு சொன்ன நண்பர்களோட நாங்க முரண்படுறோம்.

ஒலிம்பிக் 10 மீற்றர் எயார் ரைபிளை ஒருமுறை முழுசா உட்கார்ந்து பாருங்க. வாங்கு கிடையாது. நின்னுக்கிட்டு, 5.5 கிலோவுக்கு மேற்படாத ரைபிளைத் தூக்கி, 75 நிமிஷத்துல 60 தடவை சுடணும். நடுப்புள்ளியோட விட்டம் அரை மில்லிமீற்றர், கடுகை விடச் சின்னது. வேகமும் உடம்புப் பலமும் இங்கே வேலைக்காகாது. மூச்சை அடக்கி, கோபத்தை அடக்கி, போன சூட்டை மறந்துட்டு அடுத்ததுக்குப் போகணும். பொறுமையைப் பழக்குற விளையாட்டு.

நம்ம நாட்டுல இருந்து தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்ல இந்தப் போட்டியில நின்னாங்க. கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் ரெண்டு ஒலிம்பிக்லயும் இந்தியாவுக்காக இதே போட்டியில சுட்டாங்க. பாரிஸ்ல பத்தாவது இடம், முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிப் போட்டி. சக்கர நாற்காலியில இருந்து சுடுற அவனி லேகரா டோக்கியோ, பாரிஸ் ரெண்டு பாராலிம்பிக்லயும் தங்கம் எடுத்தாங்க. கையால ரைபிள் பாரத்தைத் தாங்க முடியாத வீரர்களுக்குத் தாங்கி வச்சுச் சுடுற பிரிவே பாராலிம்பிக்ல இருக்கு. வாங்குல வச்சுச் சுடுறதே தனி விளையாட்டாவும் உலகத்துல நடக்குது, அதுக்கு உலகச் சம்மேளனங்களும் இருக்கு.

ஆமா, 2008 பீஜிங்கில் தங்கம் எடுத்த அபினவ் பிந்த்ராவுக்கு அவர் குடும்பம் சொந்தமா உள்ளரங்க ரேஞ்ச் கட்டிக் கொடுத்தது. சொந்த ரேஞ்சால தங்கம் வராதுன்னு நாங்க சொல்லல்ல. அது அப்படியான வசதி உள்ள வீட்டுக்கு வந்தது. இளவேனில் வந்தது ககன் நரங் தொடங்கின பயிற்சி நிலையம் வழியா. நடிகர் அஜித்தையே எடுங்க. அவரால சொந்தமா ரேஞ்ச் கட்ட முடியாதா? 2021ல தமிழ்நாடு மாநிலப் போட்டியில அவர் பதக்கம் எடுத்தது சென்னை ரைபிள் கிளப் ஆளா நின்னுதான். அங்கே அவரும் வரிசையில நின்னு, கட்டளை வந்த பிறகுதான் சுடணும்.

எங்களுக்கு வேண்டியது இதுதான். கண்டியில ஒரு பொது உள்ளரங்கு. 10 மீற்றருக்கு மலை தேவையில்லை, ஒரு பாடசாலை மண்டபத்தோட நீளம் போதும். எயார் ரைபிள் மட்டும். குண்டைப் பிடிக்கிற இரும்புப் பெட்டி, சுட்டு முடிச்சதும் கை கழுவ ஒரு குழாய், ஏன்னா ஈயம் விஷம். ரைபிள் வீட்டுக்குப் போகாது, அங்கேயே பூட்டின அலுமாரியில இருக்கும். சம்மேளனம் அங்கீகரிச்ச பயிற்சியாளர். இப்போ இந்த விளையாட்டுக்கு வழி இருக்கிறது பெரும்பாலும் முப்படை, பொலிஸ், பெரிய பாடசாலைகளோட கழகம், கடேற் அணி. கண்டி நகரத்துலயே ஒரு பெரிய பாடசாலைப் பிள்ளைக்கு ரைபிள் விளையாட்டுப் பொருள். புசல்லாவையிலயோ கலஹாவிலயோ ஒரு தோட்டப் பாடசாலைப் பிள்ளைக்கு அது பயப்பட வேண்டிய சாமான். இந்த இடைவெளிதான் எங்கள் வழக்கு.

அந்த அரங்குல எங்களுக்கு நாலு வாங்கு வேணும். சின்னப் பிள்ளை உட்காரக்கூடிய உயரத்துக்கு இறங்குறது ஒண்ணு, சக்கர நாற்காலி உள்ளே போற மாதிரி முன்பக்கம் திறந்தது ஒண்ணு, இடக்கைக்காரருக்கு ஒண்ணு, தோட்டத்துல நாள் முழுக்கக் கூடை சுமந்து தோள் போன ஒரு அம்மா "நானும் ஒருக்கா பார்க்கிறேனே"ன்னு வந்தா உட்கார ஒண்ணு. மடக்குற வாங்கு வேண்டாம். வெல்டிங் கடையில சொல்லித் தரையில ஆணி அடிச்சு இறுக்கிடலாம்.

மாகாண சபையோ மாநகர சபையோ இதைத் தானா செய்யும்னு நாங்க நம்பல்ல. கேட்கணும். விளையாட்டு அதிகாரிக்குக் கடிதம் எழுதணும், ரெண்டு பாடசாலை அதிபர்மாரையாவது கையெழுத்துப் போட வைக்கணும், வீட்டுல அம்மாக்கிட்ட இது என்னன்னு பொறுமையா விளக்கணும். அந்தக் கடைசி வேலைதான் எல்லாத்தையும் விடக் கஷ்டம்னு எங்களுக்குத் தெரியும். கடிதத்தோட முதல் வரைவு தயாராகிக்கிட்டு இருக்கு. தமிழ், சிங்களம் ரெண்டுலயும் போகணும். சிங்களத்துல நல்லா எழுதக்கூடியவங்க யாராவது இருந்தா எங்களோட சேருங்க.